நற்செய்தி வந்த வீட்டில்

துன்பம் வந்துற்றபோது இறைவனை நினையாத மாந்தர் அரியர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நேர்த்தி வைக்கின்றோம். வழக்கு என்றால் விரதம் இருக்கின்றோம். பரீட்சை அண்மித்தால் தேங்காயும் கற்பூரமும் கொண்டு கோயிலுக்கு விரைகின்றோம். காய்ச்சல் தணிந்து, வழக்கு வென்று, பரீட்சைப் பெறுபேறும் நல்லபடி வந்த பின்னர் நாம் செய்வது யாது? நேர்ந்த கடனைச் செலுத்துகின்றோம், உறவினர்க்குச் சொல்லி அனுப்புகின்றோம், பலகாரம் பகிர்கின்றோம். அவ்வளவில் காரியம் முடிந்துவிடுகின்றது. மகிழ்ச்சி பொங்கும் உள்ளம் இறைவனிடம் எதைச் சொல்லவேண்டும், எவ்வாறு சொல்லவேண்டும் என்று ஆற அமர எண்ணிப் பார்ப்போர் சிலரே. நல்ல செய்தி வந்த வேளையிற் கிறித்தவ மக்கள் சொல்லும் நன்றி வேண்டுதல் பற்றி இவ்வாரம் வாசகர்களோடு சிறிது சிந்திக்க விழைகின்றோம்.

சைவ மரபில் வந்த நாம் பிற சமயத்தார் வேண்டுதலைப்பற்றி எழுதப் புகுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் விவிலிய நூலைத் தமிழாக்கியபோது அப்பணியில் அவருக்கு உறுதுணையாய் நின்றவர் ஆறுமுக நாவலர் பெருமான். அம்மொழிபெயர்ப்பு 1850 ஆம் ஆண்டில் அச்சேறியது. சைவத்தைக் காக்கத் தம் வாழ்நாளையே அளித்த அப்பெரியார் அந்நூலைக் கற்றுத் துறைபோயவர். கற்றதனால் அவர்தம் சைவப்பற்றுக் குறைந்திலது. அயலவர் வழிபாட்டை அறிந்துகொள்ளுதல் நம் வழிபாட்டைக் கைவிடுதல் ஆகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, இப்பொருளை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைக் கூறுவோம்.

2017 ஆம் ஆண்டின் இறுதி வாரம். நத்தார் கழிந்து சில நாள்களே ஆகியிருந்தன. க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாயின. எமது ஒழுங்கையில் இரு மாணவர் இருந்தனர். இருவரும் எம்மிடம் கற்றவர்கள். ஒரே மேசையில் இருந்து ஈராண்டுக் காலம் இரவிரவாகப் படித்தவர்கள். ஒருவன் எம்மோடு கற்பிக்கும் கிறித்தவ நண்பர் ஒருவரின் மகன். மற்றவன் ஒழுங்கை முகப்பிலே துவிச்சக்கரவண்டி திருத்தும் கடை வைத்திருப்பவரின் மகன். முன்னவன் மூன்று பாடங்களிலும் ‘ஏ’ சித்தி பெற்றான். பின்னவன் இரு பாடங்களிற் சித்தியெய்தவில்லை.

அன்று மாலை நண்பர் எம்மை அழைத்தார். “வீட்டில் ஒரு சிறு நன்றி வழிபாடு வைத்திருக்கிறோம். மாஸ்டரும் அம்மாவும் வந்திருந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி” என்றார். மனைவியாரோடு சென்றோம். விறாந்தையில் நத்தார் நட்சத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பாய் விரித்து அனைவரும் அமர்ந்திருந்தனர். வீட்டுப் பாட்டியார் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, ஓரம் தேய்ந்த பழைய வேதாகமத்தை விரித்து, லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். கீர்த்தனை ஒன்று பாடினர். பின்னர்ப் பிள்ளையின் தாயார் கண்களை மூடி வேண்டத் தொடங்கினார். அவர் கூறியவற்றுள் எம் நினைவில் நின்றவை இவை:

“ஆண்டவரே, இன்று காலை இந்த வீட்டுக்கு வந்த செய்திக்காக உமக்குத் தோத்திரம். எங்கள் பிள்ளை வருந்திப் படித்தான் என்பது எங்களுக்குத் தெரியும். படிப்பதற்கு உடல்நலத்தைத் தந்தவர் நீர். அவனுக்காக நித்திரை விழித்த பாட்டிக்காகத் தோத்திரம். கற்பித்த ஆசிரியர்களுக்காகத் தோத்திரம். அவனோடு ஒரே மேசையில் இருந்து, அவனுக்கு விளங்காதவற்றை விளக்கிச் சொன்ன அவன் நண்பனுக்காகத் தோத்திரம். அந்தப் பிள்ளையின் வீட்டில் இன்று மகிழ்ச்சி இல்லை. எங்கள் சிரிப்பு அவர்கள் முற்றம்வரை சென்று அவர்களை வருத்தாதிருக்கட்டும். நாளை நாங்கள் அங்கே போகும்போது எதைப் பேசவேண்டும், எதைப் பேசக்கூடாது என்று எங்களுக்குக் கற்றுத்தாரும்.”

வேண்டுதல் முடிந்தது. தேநீர் வந்தது; பிள்ளையை எல்லோரும் வாழ்த்தினர்; சிரிப்பும் பேச்சும் எழுந்தன. நாம் மாத்திரம் வாய்பேசாது இருந்தோம். எமக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எமது மகளுக்கு இதே பரீட்சையில் நல்ல பெறுபேறு கிடைத்தது. பிள்ளையார் கோயிலில் அருச்சனை செய்வித்தோம். பயற்றம் பணியாரமும் வாழைப்பழமும் தாம்பாளங்களில் வைத்து ஒழுங்கையிலுள்ள வீடுகள் அனைத்துக்கும் அனுப்பினோம். மூலை வீட்டிலும் ஒரு பெண்பிள்ளை அப்பரீட்சைக்குத் தோற்றித் தவறியிருந்தாள். அதனை நாம் அறிவோம். அறிந்தும், ஒரு வீட்டை விட்டால் குறையாகிவிடும் என்று எண்ணி அங்கும் அனுப்பினோம். அப்பிள்ளையின் தாயார் படலையடியில் நின்று இரு கைகளாலும் அதனை வாங்கிக்கொண்டாராம். மாலையில் தாம்பாளம் கழுவித் துடைக்கப்பட்டு வந்தது. வெறுமனே திருப்பி அனுப்பலாகாது என்று, தம் வளவில் காய்த்த எலுமிச்சம்பழம் இரண்டினை அதில் வைத்திருந்தார். அந்த இரு பழங்களையும் அன்று நாம் ஒரு பொருட்டாகக் கருதவில்லை. மூன்று ஆண்டு கழித்து, நண்பர் வீட்டுப் பாயில் இருந்தபோதுதான் அவை எம் கண்முன் வந்து நின்றன.

அந்த அன்னையார் அவ்வாறு வேண்டுவதற்கு எங்கே கற்றார்? அன்று பாட்டியார் வாசித்த பகுதியிலேயே விடை இருக்கின்றது என்பது எமது துணிபு.

‘சுவிசேஷம்’ என்ற சொல்லே நல்ல செய்தி என்னும் பொருள் தருவது. கிரேக்க மொழியில் அதனை ‘எவாங்கெலியோன்’ என்பர். அதற்கும் பொருள் அதுவே. கத்தோலிக்கர் ‘நற்செய்தி’ என்றே வழங்குகின்றனர். கிறித்தவர் வழிபாட்டின் நடுநாயகமாக விளங்கும் திருவிருந்துக்கு வழங்கும் பழம்பெயர் ‘எவ்கரிஸ்தியா’ என்பது. இக்கிரேக்கச் சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்பது பொருள். அருளைக் குறிக்கும் சொல் அதனுள் அடங்கியிருக்கின்றது. மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிற் பிறந்ததாகும். ஆகவே நற்செய்தி, மகிழ்ச்சி, நன்றி ஆகிய மூன்றும் அச்சமயத்தில் ஒன்றையொன்று பற்றி நிற்பன.

லூக்காவின் நூல் தொடக்கத்திலே நல்ல செய்தி பெற்றோர் மூவர் பாடிய மூன்று பாடல்கள் காணப்படுகின்றன. முதுமையில் மகனைப் பெற்ற சகரியா பாடியது ஒன்று. இயேசுவைக் கருத்தாங்கிய மரியாள் பாடியது ஒன்று. அக்குழந்தையைக் கோயிலிலே கையில் ஏந்திய முதியவர் சிமியோன் பாடியது மற்றொன்று. மேலைத் திருச்சபையின் நாள் வழிபாட்டிலே சகரியாவின் பாடல் காலையிலும், மரியாளின் பாடல் மாலையிலும், சிமியோனின் பாடல் இரவிலும் இடம்பெறுவது நெடுங்கால வழக்கம். நாளின் மூன்று வேளையும் நன்றி உணர்வோடு அமையவேண்டும் என்று முன்னோர் வகுத்தனர் போலும்.

இம்மூன்றனுள் மரியாளின் பாடலையே பாட்டியார் அன்று வாசித்தார். இலத்தீன் மொழியில் அதன் முதற்சொல்லைக்கொண்டு ‘மக்னிபிக்காத்’ என்று அதனை அழைப்பர். அது பிறந்த வகையை வாசகர்கள் உற்று நோக்கல் வேண்டும். நாசரேத்து ஊரிலே தேவதூதன் வாயிலாகச் செய்தி கிடைத்தது. அப்போது மரியாள் பாடினார் அல்லர். மலைநாட்டிலே வாழ்ந்த எலிசபெத்து என்னும் மூத்த உறவினரின் இல்லத்துக்கு விரைந்து சென்றார். நெடுங்காலம் பிள்ளைப்பேறின்றி வருந்திய எலிசபெத்து அப்போது ஆறு திங்கட் கருவுற்றிருந்தார். வந்தவருக்கு வாய்த்தது தம் பேற்றினும் பெரியது என உணர்ந்தும் அழுக்காறு கொள்ளாது, அவர் வாழ்த்துரைத்தார். அவ்வாழ்த்துக்குப் பின்னரே பாடல் பிறந்தது. தனி ஒருவர் உள்ளத்தில் அடைபட்டிருந்த மகிழ்ச்சி, உடன் மகிழ ஒருவர் வாய்த்தபோது நன்றியாய் வெளிப்பட்டது.

பாடலின் போக்கும் நோக்கத்தக்கது. தம் உள்ளம் இறைவனைப் போற்றுவதையும், எளியவளாகிய தம்மை அவர் கண்ணோக்கியதையும் மரியாள் முதலிற் கூறுகின்றார். அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. இறைவனின் இரக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதையும், தாழ்ந்தோர் உயர்வு பெறுவதையும், பசித்தோர் நிறைவு பெறுவதையும், முன்னோராகிய ஆபிரகாமின் வழிவந்தோர் நினைக்கப்படுவதையும் அடுத்தடுத்துச் சொல்லிச் செல்கின்றார். ‘எனக்கு’ என்று தொடங்கிய பாடல் ‘எல்லோர்க்கும்’ என்று முடிகின்றது. தமக்குக் கிடைத்த நன்மையைத் தம் வீட்டு வாயிலோடு அவர் நிறுத்திவிடவில்லை.

இதற்கு முன்மாதிரியாய் அமைந்தது, பழைய ஏற்பாட்டிலே அன்னாள் என்பார் மகன் சாமுவேலைப் பெற்றபின் பாடிய பாடல். பிள்ளையில்லாதவர் என்று சக்களத்தியின் ஏச்சுக்குப் பல்லாண்டு ஆளானவர் அவர். எனவே தம் பகைவர் முன் தலைநிமிர்ந்து நிற்கும் பெருமிதம் அப்பாடலின் தொடக்கத்தில் ஒலிக்கின்றது. அது மனித இயல்பு. நாம் குறை கூற வரவில்லை. ஆயினும் மரியாளின் பாடலில் அவ்வகைத் தனிப்பட்ட பகைமை ஒன்றும் இல்லை என்பதை ஒப்பிட்டுக் கற்போர் உணர்வர்.

நன்றி கூறுதல் எப்போதும் நன்றேயாகுமா? ஆகாது என்பதையும் அதே லூக்காவின் நூல் காட்டுகின்றது. இயேசு சொன்ன கதை ஒன்று 18 ஆம் அதிகாரத்தில் வருகின்றது. இருவர் கோயிலுக்குச் செல்கின்றனர். ஒருவன் பரிசேயன், சமய ஒழுக்கத்தில் தவறாதவன். மற்றவன் ஆயக்காரன், வரி தண்டுபவன், ஊரார் வெறுப்புக்கு ஆளானவன். பரிசேயன் இறைவனுக்கு நன்றி கூறுகின்றான். எதற்காக? தான் மற்றையோரைப் போன்றவன் அல்லன் என்பதற்காக, அதோ நிற்கும் ஆயக்காரனைப் போன்றவன் அல்லன் என்பதற்காக. அவன் நோன்பு நோற்றதும் பொய்யன்று. வருவாயிற் பத்தில் ஒரு பங்கு கொடுத்ததும் பொய்யன்று. பிறனுடைய தாழ்வை அளவுகோலாகக் கொண்டு தன் உயர்வை அளந்தான், அஃதே குற்றம். தலைநிமிரவும் துணியாது இரக்கம் வேண்டிய ஆயக்காரனே இறைவனுக்கு ஏற்றவனாய் வீடு திரும்பினான் என்று கதை முடிகின்றது.

பரிசேயனை எள்ளி நகையாடுவது எளிது. பெறுபேறு வந்த நாளில் நம் உள்ளத்தைச் சோதித்துப் பார்த்தால் என்ன காண்போம்? ‘நல்ல காலம், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வந்த கதி என் பிள்ளைக்கு வரவில்லை’ என்று ஒரு சொல் உள்ளே ஓடவில்லையா? அதுவும் ஒரு நன்றி வேண்டுதல் போலத்தான் ஒலிக்கின்றது. தாம்பாளம் அனுப்பிய நாளில் எமது உள்ளத்திலும் அது ஓடியது என்பதை மறைப்பதற்கில்லை.

அந்நூலின் 17 ஆம் அதிகாரத்திலே தொழுநோயாளர் பதின்மரின் கதை உண்டு. பதின்மரும் குணம் பெற்றனர். திரும்பி வந்து நன்றி கூறியவன் ஒருவனே. அவனும் யூதர் வேற்றாராகக் கருதிய சமாரிய இனத்தவன். நன்றி என்பது வாய்ச்சொல் மாத்திரமன்று, வந்த வழியே திரும்பி நடத்தலும் ஆகும் என்பதை அக்கதை காட்டுகின்றது. மாணவர்கள் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும். உயர்கல்விக்குச் சென்றபின், எழுத்தறிவித்த ஆரம்பப் பள்ளி ஆசிரியரைத் தேடிச் சென்று ஒரு சொல் சொல்லி வருவோர் பதின்மரில் எத்தனை பேர்?

மகிழ்ச்சியின் நடுவே பிறர் துயரை நினைப்பதற்கு இன்னொரு சான்று சங்கீதங்களுள் 126 ஆவது. பாபிலோனிலே சிறையிருந்த யூதர் தம் நாடு மீண்ட மகிழ்ச்சியை அது பாடுகின்றது என்று பலரும் பொருள் கொள்வர். மீண்டவர்கள் கனவோ நனவோ என்று திகைக்கின்றனர், சிரிப்பு அடங்கவில்லை. ஆயின் பாடலின் பிற்பகுதியிலே அவர்கள் மீண்டும் வேண்டத் தொடங்குகின்றனர். கண்ணீரோடு விதைப்போரை நினைக்கின்றனர். மகிழ்ச்சி முழுமை பெறவில்லை என்பதை அறிந்தவர்கள் பாடிய பாடல் அது. இடம்பெயர்ந்து அலைந்து தம் வளவுக்கு மீண்டவர்களும், மீளாதவர்க்காக இன்றும் காத்திருப்பவர்களும் அருகருகே வாழும் நம் மண்ணிலே இதற்கு உரை வேண்டியதில்லை.

ஜேர்மனி நாட்டிலே 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுப் போர் நிகழ்ந்தது. சாக்சனிப் பகுதியிலுள்ள ஐலன்பர்க் நகரிலே மார்ட்டின் ரிங்கார்ட் என்னும் லூத்தரன் போதகர் வாழ்ந்தார். உலகெங்கும் கிறித்தவர் இன்றும் பாடும் நன்றிப் பாடல் ஒன்று அவர் இயற்றியது. தம் வீட்டுப் பிள்ளைகள் உணவு மேசையிற் சொல்வதற்காகவே அவர் அதனை முதலில் எழுதினார் என்பர். 1637 ஆம் ஆண்டில் கொள்ளைநோய் அந்நகரைச் சூறையாடியது. அவர் அவ்வாண்டிலே நான்காயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இறுதிக்கிரியை நடத்தினார் என்றும், அவர்களுள் அவருடைய மனைவியாரும் ஒருவர் என்றும் வரலாறு கூறுகின்றது. துயரத்தை அறியாதவர் சொன்ன நன்றியன்று அது. அதனாற்றான் அது நிலைபெற்றது.

இவ்வளவும் கூறியதனால், நல்ல செய்தி வந்தவர்கள் முகத்தைச் சுருக்கிக்கொள்ளவேண்டும் என்று எவரும் எண்ணற்க. வென்ற பிள்ளையின் மகிழ்ச்சி அப்பிள்ளைக்கு உரிமையானது. ஈராண்டு நித்திரை விழித்த பிள்ளையிடம் ‘சத்தம் போடாதே, அடுத்த வீட்டார் வருந்துவர்’ என்று மாத்திரம் சொல்லுதல் முறையாகாது. மேலே கண்ட பாடல்கள் யாவும் வாய்விட்டுப் பாடப்பெற்றவையே. நண்பர் வீட்டிலும் அன்று கீர்த்தனை உரத்தே ஒலித்தது. நாம் சொல்ல வந்தது வேறு. நன்றி கூறும்போது அந்நன்மை வந்த வழியிலே நின்றோர் அனைவரையும் பெயர் சொல்லி நினைத்தல் வேண்டும். அந்நன்மை கிட்டாதவரையும் மறவாதிருத்தல் வேண்டும். சொல்லி முடித்ததும் எழுந்து அவரிடம் செல்லுதல் வேண்டும். இம்மூன்றும் அந்தத் தாயாரின் வேண்டுதலில் இருந்தன.

நம்மவர்க்கும் இது புதிதன்று. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமும் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ‘நன்றி’ என்பது அவர் நூலிலே வாயினாற் சொல்லும் உபசார மொழியைக் குறியாது, செய்யப்பட்ட நன்மையையே குறித்து நிற்கும். நன்மையை அறிதலே நன்றியறிதல். கோயிலிற் கற்பூரம் கொளுத்தும்போதும் இதனைச் செய்யலாம். தேவாலயத்தில் முழந்தாளிடும்போதும் செய்யலாம்.

மறுநாட் காலை நண்பரும் மனைவியாரும் மகனும் துவிச்சக்கரவண்டிக் கடைக்காரர் வீட்டுக்குச் சென்றனர். கையிற் பலகாரம் இல்லை. இரு பிள்ளைகளும் கடை வாங்கில் நெடுநேரம் அருகருகே இருந்ததை வீதியாற் போனவர்கள் கண்டனர். என்ன பேசினார்கள் என்பதை எவரும் கேட்கவில்லை. சில நாள்களின் பின் அப்பிள்ளையின் தாயார் எமது மனைவியாரிடம் கூறினார்: “அவர்கள் வந்தபடியால்தான் அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டினோம்.”

நாமும் அவ்வார இறுதியிலே, மூன்று ஆண்டு தாமதித்து, மூலை வீட்டுப் படலையைத் திறந்தோம். அந்த அம்மையார் முகமலர்ந்து வரவேற்றுத் தேநீர் தந்தார். மகள் தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். மனமார மகிழ்ந்தோம். தாம்பாளத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. வளவில் எலுமிச்சை அவ்வாண்டும் காய்த்திருந்தது. புறப்படும்போது நாமாகவே கேட்டு இரண்டு பழம் வாங்கி வந்தோம்.

நல்ல செய்தி நம் எல்லோர் வீட்டுக்கும் என்றேனும் ஒருநாள் வரும். வரும் அந்நாளில் இறைவன் திருமுன் நாம் கூறும் முதற்சொல் நன்றியாக அமைக. அடுத்த சொல் அயலவர் பெயராக அமைக.